கடைமடைக் கணக்கு

ஒரத்தநாட்டு மாட்டுப்பண்ணையில்
சினை ஊசிக்கென்று வைத்திருந்த திரவ நைட்ரஜனில்
ஒரு கேன் கடன் வாங்கி
சாகுல் அமீது குட்டியானையில் வந்து இறங்க
இரவு ஒன்பதாகிவிட்டது.
மூடியின் ஓரத்தில் புகை கசிந்தது.
'உள்ள என்னப்பா, காளையா?' என்றார் வாட்ச்மேன்.
'காளைக்கு வச்ச குளிருண்ணே.'

உயர்வெப்பநிலை மீகடத்தி என்று
நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.
உயரம் என்பது சைபருக்குக் கீழே
நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி.
பெயர் வைத்தவர்கள்
இன்னும் குளிரான இடத்திலிருந்து வந்திருக்க வேண்டும்.
நாகப்பட்டினத்தில் இரண்டாம் மாடியில்
சித்திரை மாத வியர்வையோடு
சுருளை உள்ளே இறக்கினோம்.
கொதித்தது. சீறியது. அடங்கியது.

முதலில் டி.சி.
ஐம்பது ஆம்பியர், நாற்பது சுற்று,
சுண்டுவிரல் நகத்தைவிட ஒடுங்கிய நாடா.
மீட்டரில் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லையை அமலோற்பவம்
மூன்று முறை பார்த்து மூன்று முறை எழுதினாள்.
திறந்த மதகில் தண்ணீர் போவதுபோல
என்று சொல்ல வாயெடுத்தேன்.
மதகில் தண்ணீர் இரையும்.
ஆற்றுக்குக் கரை உரசும், காட்டாமணக்கு தடுக்கும்.
இதற்கு உவமை கிடையாது.
விட்டுவிட்டேன்.

பிறகு வெளிச்சுருளில் ஏ.சி.
நொடிக்கு ஐம்பது தரம்
போகிறது, வருகிறது.
கூட்டிக் கழித்தால்
எதையும் கொண்டுவரவில்லை, கொண்டுபோகவுமில்லை.
குமிழைத் திருகினேன். ஒன்றுமில்லை.
இன்னும் கொஞ்சம். ஒன்றுமில்லை.
அடுத்த கால் திருகலில்
கடைசி இலக்கம் அசைந்தது.
நாலு மைக்ரோவோல்ட்.
ஏழு.
பதினொன்று.

தடையே இல்லாத நாடாவில்
தடை.

அமலோற்பவத்துக்கு வேட்டைக்காரனிருப்பு.
அப்பா கடைமடை அணையில் லஸ்கர்.
'ஓதம் உள்ள வரும், வெளிய போகும்.
கடல் கணக்குல வரவும் செலவும் சரியா இருக்கும்.
கொறையறது ஆத்துத் தண்ணிதான்' என்றாள்,
மீட்டரிலிருந்து கண்ணெடுக்காமல்.

அவள் சொன்னது பாதி சரி.
காந்தக் கோடுகள்
நாடாவின் ஒரு விளிம்பில் ஏறி
மறு விளிம்பில் இறங்குகின்றன.
புலம் திரும்பும்போது
வந்த வழியே அவை திரும்புவதில்லை.
நடுவில் டி.சி. படுத்திருக்கிறதல்லவா,
அதனால் ஊசலாட்டம் என்ற பெயரில்
எல்லாம் ஒரே பக்கம் நடக்கின்றன.
தாண்டிப் போகிற ஒவ்வொன்றும்
அதன் மடியிலிருந்து ஒரு சில்லறையை
எடுத்துக்கொண்டு போகிறது.
ஆட்டியது ஏ.சி.
ரசீது டி.சி.யின் பெயரில்.

பதினொன்றே முக்கால்.
கேனில் அரை மணி நேரக் குளிர் மிச்சம்.
இரண்டையும் நிறுத்தினேன்.
ஓட்டம் சைபர்.
ஆனால் சுருளின் நடுவில்
ஒன்று புள்ளி இரண்டு மில்லிடெஸ்லா.
கொடுத்த ஓட்டம் போன பிறகும்
நாடாவின் அகலத்துக்குள்ளேயே
எதையோ சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தது அது.

திட்டத்தில் இல்லாததைச் செய்தேன்.
ஏ.சி.யை மட்டும், ரொம்ப மெல்ல,
குழந்தையின் சட்டையிலிருந்து மணலை உதறுவதுபோல.
ஒன்று புள்ளி இரண்டு.
புள்ளி ஏழு.
புள்ளி மூன்று.
அமலோற்பவம் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.
புள்ளி ஒன்று.

படிவத்தில் ஏ.சி.க்கு
ஒரே ஒரு கட்டம்தான் உண்டு:
இழப்பு.
அதில் பதினொன்றை எழுதினேன்.
உதறியதை எழுத இடம் தேடி
கடைசியில் ஓரத்தில், செங்குத்தாக,
எனக்கே நாளைக்குப் புரியாத கையெழுத்தில்.

நைட்ரஜன் தீர்ந்தது.
நாடா சூடேறி
ஊரிலுள்ள எல்லாக் கம்பியையும் போல ஆனது.
ஜன்னலுக்கு வெளியே உப்புக்காற்று
எந்தப் பக்கம் போகிறதென்று தெரியவில்லை.
கேனைத் தூக்கப் போய்
பனி ஒட்டிய கைப்பிடியில் விரல் சுட்டு
'ஆ' என்றான் சாகுல்.
'விடியறதுக்குள்ள ரொப்பணும் மேடம்.
அங்க ஆறு மாடு காத்துக்கிட்டிருக்கு.'